பிரித்துப்போட்ட உலை

மகனுக்கு,

அம்மா நலம். போலீஸ்காரர்கள் நீ அடித்த கத்திகளோடு அடுக்களைக் கத்தியையும் எடுத்துப்போய்விட்டார்கள். புதிதாக ஒன்று வாங்க அவள் விடவில்லை. காயைக் கையால் ஒடித்துத்தான் சமைக்கிறாள்.

பழைய கேஸ் சிலிண்டரை அறுத்து நாம் இருவரும் செய்தோமே அந்த உலை, அதை நேற்று பிரித்துப்போட்டேன். பர்னர் ஒரு பக்கம், உள்ளே ஒட்டிய சூடு தாங்கும் பஞ்சு ஒரு பக்கம். அந்த நேரம் பார்த்து ஒருவன் உள்ளே வந்தான். கோர்ட்டில் பார்த்த முகம். உன் கத்தியால் செத்துப்போனவனின் அண்ணன்.

அவன் சத்தம்கூடப் போடவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து பர்னரை எடுத்துத் துடைத்தான்.

“இத மறுபடியும் மாட்டிடலாம்ல? உங்க பையன் செஞ்ச மாதிரியே எனக்கு ஒரு கத்தி வேணும்.”

“நான் இந்த வேலைய விட்டுட்டேன் தம்பி,” என்றேன்.

“அவசரமே இல்ல பெரியவரே. உங்க பையன் வெளிய வர்றதுக்குள்ள கெடச்சா போதும்.”

போகும்போது கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் ஜாமீன் கேட்கலாம் என்றார் வக்கீல். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்குக் காரணம் தெரியாது, என்னோடு பேசுவதில்லை. நீயும் திட்டுவாய். அங்கேயே இருந்து திட்டு.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அப்பா