மகாராணியின் வயிற்றுச் சாறு

திங்கள் காலை

அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன், அதுவும் காரியத்துக்காக. திட்டுவதானால் பிறகு திட்டு.

சிட்டு படுத்துவிட்டாள். தீவன அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் மக்காச்சோள மாவை மூக்குப் பிடிக்கத் தின்றிருக்கிறாள். உள்ளே எல்லாம் புளித்து, இடது விலா பானையாக உப்பிவிட்டது. மாட்டு டாக்டர் குழாய் விட்டுக் காற்றை இறக்கி, வயிற்றைக் கழுவினார். உயிர் தப்பியது. ஆனால் அசை போடுவதில்லை. "தீனியைச் செரிக்க வைக்கிற கிருமியெல்லாம் செத்துப்போச்சும்மா. நல்ல மாட்டோட வயித்துச் சாறு கெடைச்சா பொழைச்சுக்கும்" என்கிறார். என்னிடம் இருப்பது இவள் ஒருத்திதான். அக்கம்பக்கத்தில் எல்லாரும் மாடுகளை விற்றுவிட்டார்கள்.

சின்ன வயதில் மாட்டு விலாவில் காது வைத்து வயிறு உருளும் இடி கேட்போமே, இன்றைக்கும் வைத்தேன். சத்தமே இல்லை அக்கா. பயமாக இருக்கிறது.

உன்னிடம் இருக்கும் மகாராணி இவளைப் பெற்றவள்தானே. பிளாஸ்க்கில் கொஞ்சம் சாறு எடுத்துப் பால் வண்டியில் கொடுத்தனுப்பு.

தங்கை

செவ்வாய்

அன்புள்ள வாலு,

உன் கோழிக் கிறுக்கலைப் பார்த்ததும் அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை. 'அக்காவுக்கு' என்று மொட்டையாக ஆரம்பித்தாலும் பரவாயில்லை, எழுதினாயே.

இங்கே டாக்டரை வரவழைத்துச் சாறு எடுத்தாயிற்று. மகாராணி முறைத்தபடியே கொடுத்தாள். பிளாஸ்க்கைத் துண்டில் சுற்றி அனுப்புகிறேன்.

இடி கேட்கும்போது ஒருநாள் நீ காது வைத்தபடியே தூங்கிவிட்டாய். நீ விழித்துக்கொள்ளும்வரை அந்த மாடு அசையவே இல்லை. நானும் அசையாமல் நின்றேன். இதை உன்னிடம் சொன்னதில்லை.

பாகம் பிரித்து மகாராணியை நான் ஓட்டி வந்த அன்று, "இனிமே என் வாசல மிதிக்காத" என்றாய். மிதிக்கவில்லை. ஆனால் நினைக்காத நாளில்லை.

அக்கா

புதன்

அன்புள்ள அக்கா,

பால் வண்டி வீடு வீடாக நின்று வந்ததில் பிளாஸ்க் ஆறிப்போய் வந்து சேர்ந்தது. டாக்டர் முகர்ந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். எடுத்த கையோடு சூடாக உள்ளே போகவேண்டுமாம். நாளைக்குள் ஏதாவது செய்தால்தான் உண்டு என்கிறார்.

அதனால் மகாராணியை அனுப்பு. இங்கேயே எடுத்துக்கொள்கிறோம். மாட்டை மட்டும் வண்டியில் ஏற்றிவிட்டால் போதும். உனக்கு அங்கே வேலை இருக்கும்.

சிட்டு என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டிருக்கிறாள். கையெழுத்து கோணலாக இருந்தால் அவளைத் திட்டு.

வாலு

புதன் மாலை

என் வாலு,

நான் கூடவே ஏறாமல் மகாராணி எந்த வண்டியிலும் ஏறமாட்டாள். கன்றாக இருந்ததிலிருந்தே அப்படித்தான். உனக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டேதான் 'மாட்டை மட்டும்' என்று எழுதியிருக்கிறாய்.

வண்டி சொல்லியாயிற்று. பால் வண்டிக்காரர் இந்தக் கடிதத்தோடு முன்னால் போகிறார். பின்னாலேயே நாங்கள் இருவரும் வருகிறோம்.

வாசல் கதவைத் திறந்து வை. தீவன அறைக் கதவை மட்டும் பூட்டு.

அக்கா