இங்கே பால் விற்கப்படும்

பத்திரிகை இன்று தபாலில் வந்தது. உறையைக் கிழித்ததும் புது மையின் வாசனை. சிறுவர் பகுதியில் நம் கதை. ஓவியர் பசுமாட்டை வரைந்திருக்கிறார்.

கொழுத்த பசு. கழுத்தில் மணி. பக்கத்தில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் செம்போடு நிற்கிறார்கள். பெண்ணின் தலையில் பூ. நீ ஒருநாளும் பூ வைத்ததில்லை. வைத்தால் ஆடு தின்றுவிடும் என்பாய்.

கதைக்குள் ஆடு என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தேன். ஓவியர் தலைப்பை மட்டும் படித்திருப்பார். 'பால் கடை'. பால் என்றால் அவருக்குப் பசு. அவர் சென்னையில் இருக்கிறார். நம் தோட்டத்தில் பால் என்றால் என்னவென்று அவருக்கு யார் சொல்வார்கள்?

உன்னிடம் காட்டினால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். அறையில் வேறு யாரும் இல்லை. பக்கத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உனக்குப் படிக்கத் தெரியாது. இனி அது ஒரு தடையில்லை.

ஜொகூரில், தெப்ராவுக்கு உள்ளே இருந்த ரப்பர் தோட்டம். எனக்குப் பத்து வயது. உனக்குப் பதினொன்று என்று நீயாகச் சொல்லிக்கொள்வாய். என் அப்பா தோட்ட ஆபீசில் கிராணி. பேரேடு எழுதுவார், வெள்ளைக்காரத் துரைக்கும் ஆட்களுக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றிச் சொல்வார். உன் அப்பாவும் அம்மாவும் பால் வெட்டுகிறவர்கள். ரப்பர் மரத்துப் பால். விடியலில் பால் வெட்டு, வெயில் ஏறியதும் பால் எடுப்பு, பிறகு பால் ஸ்டோர். நாள் முழுக்க அந்த ஒரு சொல்தான். குடிக்கிற பாலுக்குத் தனிச் சொல் தேவைப்படவில்லை. ஆட்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் குடிக்கப் பால் இல்லை.

உங்கள் வீட்டில் மட்டும் ஓர் ஆடு இருந்தது. வைத்திருக்கக் கூடாது. ரப்பர் இளங்கன்றுகளை மேய்ந்துவிடும் என்று தோட்டத்து உத்தரவு. ஆனால் அப்போது என் தங்கை கைக்குழந்தை. அம்மாவுக்குப் பால் போதவில்லை. உன் அம்மா தினமும் ஒரு டம்ளர் ஆட்டுப்பாலை எங்கள் பின்வாசலில் மூடி வைத்துவிட்டுப் போவார். அப்பா அந்த ஆட்டைப் பார்த்ததே இல்லை. அப்படி ஓர் ஏற்பாடு. வாயால் யாரும் சொல்லாதது.

ஆட்டுக்கு நீ வைத்த பெயர் தொரசாணி. "தொரசாணிக்கு இன்னிக்கு மொகம் சரியில்ல, கிட்ட போவாத" என்பாய். குட்டி போட்ட பிறகு பால் மிஞ்சியது. ஒரு மத்தியானம் எங்கள் வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டாய்.

"டேய் கிராணி மவனே, கட போடுவமா?"

"என்ன கடை?"

"பால் கடைதான். நான் கறப்பேன், நான் விப்பேன். நீ சும்மா நில்லு. கிராணி மவன் நின்னா நாலு பேரு வருவாங்க."

"சும்மா நிக்க மாட்டேன். போர்டு எழுதுவேன்."

"எழுதேன். எவ படிக்கப் போறா?"

தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், இரண்டு மண்ணெண்ணெய்த் தகரத்தின் மேல் ஒரு பலகை. அதுதான் கடை. பாலை அளக்க ஒரு சிகரெட் டின். யார் வந்தாலும் முதலில் கையைக் குவிக்கச் சொல்லி ஒரு சொட்டு விடுவாய். "மொதல்ல நாக்குல வைக்கணும். அப்புறந்தான் வெல சொல்லணும்." சிலர் சில்லறை தந்தார்கள். சிலர் முட்டை, மிளகாய். தண்ணீர் கலக்கலாமா என்று நான் ஒருமுறை கேட்டேன். "கலந்தா தொரசாணி கோவிச்சுக்கும்" என்றாய், சிரிக்காமல்.

மூன்றாவது வீட்டு அக்கா ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்னாடி இது, ஆட்டு வீச்சம் அடிக்குது?"

"ஆட்டுப்பால்ல ஆட்டு வீச்சம் அடிக்காம? மல்லிகப்பூவா மணக்கும்?"

அவள் இரண்டு டின் வாங்கிப் போனாள்.

உனக்கு ஒரு திட்டம் இருந்தது. இன்னோர் ஆடு. அப்புறம் இன்னொன்று. "அப்புறம் எங்கம்மா வெட்டுக்குப் போவ வேணாம். காலு வீங்குது அவங்களுக்கு." நீ அதைச் சொன்னபோது பாலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். என்னிடம் இல்லை.

பலகை.

அதை நான் ஒரு முழு நாள் எழுதினேன். சுண்ணாம்பைக் குழைத்து, ஈர்க்குச்சியால். அப்பா வாங்கும் செய்தித்தாளின் விளம்பரங்களில் 'விற்கப்படும்' என்று வரும். அந்தச் சொல்மேல் எனக்கு ஒரு மயக்கம். நீ ஆட்டுப்படம் போடச் சொன்னாய். படம் படிக்காதவர்களுக்கு என்றேன். நம்ம ஆளுங்க அவங்கதானே என்றாய். நான் கேட்கவில்லை. 'இங்கே ஆட்டுப்பால் விற்கப்படும்' என்று எழுத இடம் போதவில்லை. ஏதோ ஒன்றை விட வேண்டும். 'விற்கப்படும்' என்பதை விட மனம் வரவில்லை. ஆட்டை விட்டேன்.

இங்கே பால் விற்கப்படும்.

அந்த வருஷம் ரப்பர் விற்பனைக்குக் கட்டுப்பாடு. தோட்டத்துப் பால் திருட்டாக வெளியே போகிறது என்று ஆபீசில் ஒரே பேச்சு. பழைய துரை போய்ப் புதியவர் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தமிழ் இன்னும் பழகாதவர். மோட்டாரில் போனவர் குழாயடியில் பலகையைக் கண்டார். நாம் அப்போது ஆட்டுக்கு இலை ஒடிக்கப் போயிருந்தோம். பலகையைத் தூக்கிக் கொண்டுபோய் அப்பாவின் மேசையில் வைத்து, என்ன எழுத்து இது என்று கேட்டிருக்கிறார்.

அப்பாவுக்கு என் கையெழுத்து தெரியும்.

இங்கிலீசில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. குடிக்கிற பாலுக்கு ஒன்று, மரத்துப் பாலுக்கு ஒன்று. அப்பா இரண்டாவதைச் சொன்னார். வருஷக்கணக்காகப் பேரேட்டில் அவர் எழுதிவந்த சொல் அதுதான். பழக்கத்தில் வந்துவிட்டது என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை வரைக்கும் வேண்டுமானால் அப்படி நினைக்கலாம். மறுநாள் காலையை அப்படி நினைக்க முடியாது.

மறுநாள் விடியலில் ஆட்களின் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் உன் அப்பா, அம்மா, நீ மூவரும் ஆபீஸ் வராந்தாவில் நின்றீர்கள். நான் அப்பாவுக்குப் பசியாறத் தூக்குச்சட்டி கொண்டுவந்திருந்தேன். தூணோரம் நின்றேன். உன் அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார்.

"ஆட்டுப்பாலுங்க தொரை. புள்ளைங்க வெளையாட்டுக்கு வித்துச்சுங்க."

அப்பா இங்கிலீசில் சொன்னார். நீளமான வாக்கியம். அதில் ஆடு இல்லை. எனக்குத் தெரியும், என் இங்கிலீஸ் பாடப் புத்தகத்தில் ஆடு இருந்தது, படத்தோடு. பாலும் இருந்தது, ஒரு கிண்ணத்தில். அந்த இரண்டு சொல்லும் அப்பாவின் வாக்கியத்தில் வரவில்லை.

ஆடு என்று சொன்னால், லயத்தில் ஆடு வளர்க்க விட்டது யார் என்று கேள்வி வரும். அதற்குப் பதில் எங்கள் பின்வாசலில் இருந்தது, மூடிய டம்ளரில். இதைப் பத்து வயதில் நான் யோசித்து அறியவில்லை. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அதில் அறிந்தேன்.

துரை பலகையைத் தட்டி ஏதோ கேட்டார்.

"யார் எழுதினது?" என்றார் அப்பா.

"நாந்தான்" என்றாய் நீ.

அதை மட்டும் அப்பா பிசகாமல் மொழிபெயர்த்தார்.

பிறகு நீ என்னைப் பார்த்தாய். கோபமாக இல்லை. சீக்கிரம் சொல்லேன்டா என்பதுபோல. முந்தின வாரம்தான் பாடப் புத்தகத்தைக் காட்டிப் பீற்றிக்கொண்டிருந்தேன், "உன் இங்கிலீசு எதுக்குடா ஆவும்?" என்று கேட்டிருந்தாய். ஒரு சொல் போதும். குடிக்கிற பாலின் சொல். வாய்க்குள் இருந்தது. உதடு அசைந்திருக்கலாம். சத்தம் வரவில்லை.

பேரேட்டில் உன் அப்பா அம்மா பெயரை அடித்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நீங்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு நேராகத்தான் போனீர்கள், மூட்டைகளோடு. உன் அம்மாவின் இடுப்பில் தம்பி. கடைசியில் நீ, தொரசாணியைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு, குட்டி பின்னால் ஓட. எல்லாரும் பார்க்கும்படி ஆடு நடுச்சாலையில் போயிற்று. துரை அப்போது மலைக்காட்டுப் பக்கம் போயிருந்தார்.

எங்கள் வேலியருகே நின்றாய்.

"பலகைய ஆபீசுல கேட்டு வாங்கிக்க. நல்ல பலகடா அது."

அவ்வளவுதான் சொன்னாய். அன்றிரவு தங்கை அழுதாள். அப்பா டின் பாலைத் திறந்தார். தகரம் கிழிபடும் சத்தம் வீடெல்லாம் கேட்டது. இன்றுவரை அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அவர் இப்போது ஓய்வில் இருக்கிறார். கண் மங்கிவிட்டது. போகும்போதெல்லாம் செய்தித்தாளை நான்தான் படித்துக் காட்டுகிறேன்.

நான் சென்னைக்குப் போய்ப் படித்தேன். நிறையப் புத்தகங்கள். மௌனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்களை எல்லாம் படித்தேன். ஒருவரும் உதவவில்லை. திரும்பி வந்து ஜொகூர் பாருவில் ஒரு வக்கீலிடம் சேர்ந்தேன். தமிழை இங்கிலீசாக்குகிறேன், இங்கிலீசைத் தமிழாக்குகிறேன். அப்பாவின் வேலைதான், நாற்காலி வேறு.

சில மாதங்களுக்கு முன் அந்தப் பத்திரிகை ஆசிரியர் கடிதம் எழுதினார். சிறுவர்கள் கூட்டாகச் சேர்ந்து தாமே சிறு தொழில் தொடங்கும் கதைகள் வேண்டும். முடிவு மகிழ்ச்சியாக இருக்கட்டும். ஒரே மூச்சில் எழுதினேன். அதில் பையன் வராந்தாவில் முன்னால் வந்து அந்தச் சொல்லைச் சொல்கிறான். துரை சிரிக்கிறார். ஒரு டம்ளர் வாங்கிக் குடிக்கிறார். கடைசி வரியில் நான்கு ஆடுகள். எங்காவது யாராவது உனக்கு இதைப் படித்துக் காட்டுவார்கள் என்று நினைத்தேன். மன்னிப்பு என்ற சொல்லை எழுதாமலே கேட்டுவிடலாம் என்று.

போன வெள்ளிக்கிழமை உன் தம்பி வந்தான். கிழக்குக் கரை மெர்சிங்கிலிருந்து மீன் லாரியில் வருகிறானாம். கடைகளில் விசாரித்து, ஆபீஸ் வாசலில் நின்றான். அவனுக்கு உன் தாடை.

"கிராணி ஐயா மவன்தானே நீங்க? அக்கா சொல்லியிருக்காங்க."

மார்க்கெட் பக்கத்து ராவுத்தர் கடைக்கு அழைத்துப் போனேன். உட்காருவதற்கு முன்பே சொன்னான்.

"அக்கா போயிட்டாங்கண்ணே. மழை மாசத்துல. மூணு நாள் காச்சல்தான்."

தேநீர் வந்தது. ஆறியது. அவனே பேசினான். மெர்சிங் படகுத்துறையில் நீ அவித்த கடலை விற்றாயாம். தீவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் உன்னைத் தெரிந்தவர்களாம். போர்டு வைத்திருந்தாளா என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

"போர்டா? ஒரு தகரத்துல கரியால கடல படம் போட்டிருந்தாங்க. மலாய்க்காரவங்க, சீனவங்க எல்லாருக்கும் வெளங்குமில்ல."

பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னான். "அன்னிக்கு நீங்க தொரகிட்ட இங்கிலீசுல சொன்னீங்களாமே, ஆட்டுப்பாலுதான்னு. தொர காதுல விழலையாம். அக்கா எப்பவும் சொல்லுவாங்க. அம்மாவும் உங்கள நெனைக்காத நாளில்ல. அந்தப் புள்ள நல்லாருக்கணும்பாங்க."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். என் அச்சான கதையும் உன் கதையும் ஒன்றாகிவிடும்.

"இல்லப்பா" என்றேன். "நான் சொல்லல."

கிளாசைக் கீழே வைத்தான். "சொல்லலயா?"

"சொல்லல."

"அக்கா கிட்டத்தானே நின்னாங்க?"

"ஆமா."

"அப்ப அவங்களுக்குத் தெரியும்."

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். என் உதடு அசைந்ததைப் பார்த்து நிஜமாகவே நம்பினாயா? அல்லது எல்லாவற்றையும் இழந்து நடக்கும் அம்மாவுக்கு, ஒரு பிள்ளையாவது நமக்காகப் பேசியது என்று இருக்கட்டும் என்றா? கேட்க இனி ஆளில்லை.

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். தம்பி எழுந்தான். பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். பழைய துணியில் கட்டிய நெத்திலிக் கருவாடு. கொடுப்பதா வேண்டாமா என்று கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"அம்மா குடுத்துவிட்டாங்க. அவங்களே காய வச்சது."

"எப்படிப்பா நான் வாங்கறது?"

"வாங்கிக்குங்க. திருப்பி எடுத்துட்டுப் போனா ஏன்னு கேப்பாங்க." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "அவங்களுக்கு இப்ப வேற ஒண்ணும் இல்லண்ணே. அடுத்த மாசமும் குடுத்துவிடுவாங்க. அதையும் வாங்கிக்கணும் நீங்க."

வாங்கிக்கொண்டேன். அறைக்கு நடந்தே வந்தேன், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.