மதகடியில் எடுத்த படங்கள்

கல்முனைக்குடி
20.07.1986

அன்பும் மரியாதையும் உள்ள காக்கா அவர்களுக்குத் தங்கச்சி ஹாஜறா எழுதிக்கொள்வது. உங்கள் மீதும் மதினி மீதும் மகள் நதீரா மீதும் அல்லாஹ்வின் சாந்தி இறங்கட்டும். நான் நடமாடித் திரிகிறேன், அல்ஹம்துலில்லாஹ்.

அன்றைக்கு வயல் வட்டையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். முந்திய இரண்டு கடிதங்களிலும் பதற்றத்தில் எல்லாம் முன்பின்னாகப் போய்விட்டது. நீங்கள் எந்த அரசாங்கக் கந்தோரில் போய்ச் சொன்னாலும் இதைத்தான் முதலில் கேட்பார்களாம். படம் பிடிக்கப் பழக்கியவர் பெரிய றோட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அதாவுல்லா மாஸ்டர். பழகப் போனவர்கள் நாலு பேர். மருதமுனையில் தறி வைத்திருக்கும் வீட்டுக் கலந்தர், சாய்ந்தமருதுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் அப்துல் ஹமீட், பாண்டிருப்பில் இருக்கும் கிளாக்கர் நல்லரெத்தினம், பிறகு நம்முடைய மசூர். சமைத்துக் கொடுக்க நமது வயல்காவலர் மீராமுகைதீன். இந்த ஆறு பேரைத் தவிர வேறு ஒருவரும் அங்கே இல்லை. வேறு யாரோ வந்து போனதாக அவர்கள் சொன்னால் அது உண்மையல்ல.

‘அவர்கள்’ என்றுதான் எழுதுகிறேன். கடிதம் யார் கையில் பிரிபடும் என்று தெரியாது. உங்களுக்கு விளங்கும்.

மசூர் இதற்கு ஏன் போனான் என்று நீங்கள் கேட்கலாம். நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு மாஸ்டர் வந்து என்னிடம் கேட்டார். ஸ்டூடியோவுக்குள் முகங்களைப் படம் பிடித்துச் சலித்துவிட்டதாம். வயல், குளம், மேற்கே தெரியும் மலை, இவற்றை எந்த வெளிச்சத்தில் எப்படிப் பார்ப்பது என்று நாலு பேருக்கு மட்டும் மூன்று நாள் வயல்வெளியிலேயே தங்கிப் பழக்கப் போவதாகச் சொன்னார். மசூர் என் பின்னாலேயே திரிந்தான். “ஆக்கள எடுக்கிறல்ல உம்மா, சீனரி மட்டுந்தான்” என்றான். நான் மௌலவி வீட்டுக்கு ஆள் விட்டுக் கேட்டேன். மரத்தையும் தண்ணீரையும் எடுப்பதில் குற்றமில்லை என்று சொல்லி அனுப்பினார். அதன் பிறகுதான் சம்மதித்தேன். நற்பிட்டிமுனைக்கு அப்பால் இருக்கும் நமது வயல் வாடியிலேயே தங்கச் சொன்னேன். அரிசி, கருவாடு, தேங்காய், மிளகாய்த்தூள் எல்லாம் ஆள் கணக்குப் பார்த்து நானே கட்டிக் கொடுத்தேன்.

அத்தோடு ஒரு வேலையும் சொல்லிவிட்டேன், காக்கா. இதைத்தான் நீங்கள் நிதானமாக வாசிக்க வேண்டும். அந்த வேலையால்தான் மற்றவர்கள் வீட்டுக்கு வந்தும் அவன் வரவில்லை.

சிறுபோக வேளாண்மைக்கு நமக்கு முறைத் தண்ணீர் வந்து சேருவதில்லை. நமது வயல் வாய்க்காலின் கடைசியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். மேலே பெரிய காணிக்காரரான சரீப் போடியாரின் ஆட்கள் மதகில் பலகையைப் போட்டு நமது முறையையும் தங்கள் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையிடம் முறையிட்டேன். “கண்ணால கண்ட சாட்சி இல்லாம நான் போடியாரிட்ட எப்பிடிக் கதைக்கிற, ராத்தா?” என்றார். அதனால் மசூரிடம், படம் எடுக்கத்தானே போகிறாய், நமது மதகையும் காலையில் ஒருக்கா, பொழுது சாயும்போது ஒருக்கா எடுத்து வா என்றேன். ஒரு கம்பில் சாணுக்குச் சாண் சுண்ணாம்பு பூசித் தண்ணீருக்குள் நட்டுவிட்டு எடுத்தால் எவ்வளவு இறங்கியது என்று யாரும் மறுக்க முடியாது என்றும் சொன்னேன். கம்புக்குச் சுண்ணாம்பு பூசியது நான்தான்.

அந்த மதகுக்கு மேலால்தான் அவர்களுடைய வாகனங்கள் போய்வரும் றோட்டு போகிறது. தண்ணீரைப் பற்றி யோசித்த எனக்கு றோட்டைப் பற்றி யோசனை வரவில்லை.

நடந்ததை மாஸ்டர் வந்து சொன்னார். முதல் நாள் முழுவதும் அவர் ஒருவரையும் கமராவைத் திறக்க விடவில்லையாம். வரம்பில் இருந்து பார்த்துக்கொண்டே இருங்கள் என்றாராம். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, தண்ணீர் எப்போது வெள்ளையாகிறது, எப்போது கறுக்கிறது என்று கேட்டபோது நமது மசூர் எல்லாருக்கும் முன்னால் சொன்னானாம். “மத்தவங்க மலையப் பாத்தாங்க ராத்தா, அவன் மண்ணப் பாத்தான்” என்றார். அடுத்த நாள் பொழுது சாயும் வரை ஆசைதீரப் படம் எடுத்திருக்கிறார்கள். கடைசி நாள் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு எல்லாரும் வரம்பில் வெளிச்சத்துக்காகக் காத்திருக்கும்போதுதான் அவர்கள் வந்தார்கள்.

மாஸ்டர் எழுந்து, சீனரி எடுக்கிறோம் சேர் என்றாராம். ஆட்களின் படம் எங்கே என்று கேட்டார்களாம். ஆட்கள் இல்லை என்றதும், ஆளில்லாத வெறும் இடத்தை எவனாவது காசு செலவழித்துப் படம் பிடிப்பானா என்று கன்னத்தில் அறைந்தார்களாம். மௌலவி எதற்காகச் சரி என்று சொன்னாரோ, அதுவே அவர்களுக்குச் சந்தேகமாகிவிட்டது.

கமராக்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு எல்லாரையும் கேம்புக்குக் கொண்டுபோனார்கள். பிலிம்களைக் கழுவிப் பார்த்தார்கள். மற்றவர்களுடையதில் வானமும் வயலும் நாரைகளும். மசூருடையதில் பாதிக்கு மேல் மதகு. முன்னால், பின்னால், காலையில், மாலையில், அளவுக் கம்போடு. பாலத்தை உடைக்க அளவெடுத்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மற்றவர்களை ஒவ்வொருவராக விட்டார்கள். அவனை விடவில்லை.

மாஸ்டர் வந்தபோது மிச்ச அரிசியையும் பையோடு கொண்டுவந்து தந்தார். நான் இன்னும் அதை உலையில் போடவில்லை.

இப்போது சாட்சிகளின் நிலையையும் சொல்கிறேன். நல்லரெத்தினம் குடும்பத்தோடு தம்பிலுவிலில் மனைவியின் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். அவரைப் பிழை சொல்ல மாட்டேன். அப்துல் ஹமீட் வீட்டுக் கதவைத் திறப்பதில்லை. கலந்தரை அவனுடைய வாப்பா கட்டாருக்கு அனுப்ப ஓடித் திரிகிறார். வட்டவிதானையிடம், என்னோடு வந்து தண்ணீர்ப் பிரச்சினை உண்மை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அப்படி ஒரு முறைப்பாடு தனக்கு வந்ததாகவே ஞாபகமில்லை என்றார். மாஸ்டர் மட்டும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வருகிறார். ஆனால் அவரைக் கண்டாலே கேம்பில் கேற்றைச் சாத்துகிறார்கள்.

நான் எதிர்பாராத ஒருவர் வந்தார். சரீப் போடியார். ஆண்பிள்ளை இல்லாத வீடென்று படலைக்கு வெளியே குடையை ஊன்றிக்கொண்டு நின்று, ஊர் கேட்கப் பேசினார். “ஹாஜறா புள்ள, என்னக் கள்ளனெண்டு படம் புடிக்கச் சொன்னயாமே. ஓம், கள்ளன்தான். பலகை போட்டது நான்தான். என்ட தண்ணிக் களவுக்கு உன்ட புள்ள அடி வாங்கிறதா? வா, போய்ச் சொல்லுவம்” என்றார். சொன்னபடி அடுத்த நாள் காலை வந்தார். மதகில் போடும் அந்தப் பலகையையும் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார், காக்கா. பாசி பிடித்த பலகை. பஸ்ஸில் கொண்டக்டர், “போடியாரே, கதவக் கழட்டிட்டா வாறீங்க?” என்று பகிடி பண்ணினான். “ஓம், உன்ட மாமியார் ஊட்டுக் கதவு” என்றார். எனக்குப் பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது.

கேம்பில் அவர் கதையைத் தமிழ் தெரிந்த ஒருவர் மொழிபெயர்த்தார். கேட்டவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். தண்ணீருக்காக யாராவது இத்தனை படம் எடுப்பார்களா என்றார்கள். அவர்கள் ஊரில் தண்ணீர் முறை இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. வெயிலில் பகல் முழுக்க நிறுத்தி வைத்துவிட்டுப் பலகையை அங்கேயே போட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். திரும்பி வரும்போது போடியார், “இந்த ஊர்ல என்ட சொல்லு எடுபடாத இடமில்லெண்டு நெனச்சிருந்தன் புள்ள” என்று ஒரு தரம் சொன்னார். அன்றிலிருந்து நமது வயலுக்குத் தண்ணீர் வரம்பு தெரியாமல் வருகிறது. மீராமுகைதீன் வந்து, கதிர் நன்றாகத் தள்ளியிருக்கிறது, ஒருக்கா வந்து பாருங்கள் என்கிறார். நான் போகவில்லை.

அந்த மொழிபெயர்ப்பவர் நல்ல மனிதர். கேற்றடியில் யாரும் பார்க்காதபோது சொன்னார். மசூரை இங்கிருந்து தெற்குப் பக்கம் எங்கேயோ மாற்றிவிட்டார்களாம். இங்கே நான் எத்தனை நாள் நின்றாலும் பலனில்லையாம். கொழும்பில் அரசாங்க உத்தியோகத்தில் உள்ள ஒருவர், இந்தப் பிள்ளையைப் பிறந்ததிலிருந்து தெரியும் என்று எழுத்தில் கொடுத்து நேரே போய்க் கேட்டால்தான் விசாரணைக்கு எடுப்பார்களாம். இல்லாவிட்டால் இருக்கிறான் என்றும் சொல்ல மாட்டார்கள், இல்லை என்றும் சொல்ல மாட்டார்களாம். கொழும்பில் உங்களுக்கு ஆள் இல்லையா அம்மா என்று கேட்டார். கூடப்பிறந்த காக்கா அங்கே சீப் கிளாக்கராக இருக்கிறார் என்றேன். அப்படியென்றால் ஏன் இங்கே வந்து நிற்கிறீர்கள் என்று கேட்டார். தந்தி அடித்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கமரா யார் கொடுத்தது என்றும் என்னிடம் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். அவனுடைய வாப்பா மௌத்தாகுமுன் வாங்கி வைத்தது என்று சொல்லிவிட்டேன். மாஸ்டருக்கும் அப்படியே சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் மருமகனுக்கென்று கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது வேறு ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பொய்யை அல்லாஹ் என் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். உங்கள் பெயர் எந்த இடத்திலும் இல்லை, பயப்பட வேண்டாம்.

மகள் நதீராவுக்கு நீங்கள் கட்டும் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். யன்னல் மட்டத்தோடு நிற்கிறது. போன கிழமை மேசன் மீராசா சாரக்கம்புகளை அவிழ்த்து வண்டியில் ஏற்றினார். என்ன என்று கேட்டேன். “கொழும்பால காயிதம் வந்திச்சி ராத்தா, வேலைய நிப்பாட்டட்டாம்” என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள், தபாலும் ஒழுங்காகப் போய்வருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஆடு மாடு உள்ளே போகாமல் வாசலுக்குக் கிடுகு வைத்துக் கட்டியிருக்கிறேன். சீமெந்துப் பைகள் நனையாமல் நமது வீட்டுக்குள் எடுத்து வைத்திருக்கிறேன்.

காக்கா, மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன். அவன் திரும்பி வருவான் என்று எனக்குத் தோன்றவில்லை. நடுச்சாமத்தில் தஹஜ்ஜத்துத் தொழுதுவிட்டுக் கையேந்தினால் என்ன கேட்பதென்று தெரியாமல் கையை இறக்கிவிடுகிறேன். ஆனாலும் தேட ஆளில்லாத பிள்ளை என்று அவனை யாரும் நினைக்கக்கூடாது.

நதீரா பிறந்த அன்றைக்கே, அவள் மசூருக்கு என்று பெரியவர்கள் பேசினார்கள். அந்தப் பேச்சில் என் பக்கத்தை இன்றோடு எடுத்துக்கொள்கிறேன். அவளுக்கு நல்ல இடம் வந்தால் செய்துவையுங்கள். பறக்கத்தான வாழ்க்கை அமையட்டும். நான் மனம் நோக மாட்டேன், வந்து வேலையும் செய்வேன். அவன் வந்தால் நானே அவனிடம் சொல்லிக்கொள்வேன். இனி நீங்கள் அவனுக்கு மாமனாராகப் போகிறவர் இல்லை, வெறும் தாய்மாமன்தான். அந்த அளவில் ஒரு தரம் போய்க் கேட்க முடியுமா?

போக வசதிப்படாவிட்டால் இன்னொன்று. இங்கே ஒரு கமிட்டியில் காணாமல் போனவர்களின் பெயரைப் பதிகிறார்கள், படம் ஒட்ட வேண்டுமாம். படம் பிடிக்கப் போனவனின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை, எடுக்க நான் விட்டதில்லை. அடையாள அட்டை அவர்கள் கையில். போன வருடம் கொழும்பில் காலிமுகக் கடற்கரையில் உங்கள் குடும்பத்தோடு அவன் நின்று எடுத்த படம் உங்களிடம் இருக்கிறதாம், அவன் சொன்னான். முழுப் படத்தையும் அனுப்ப வேண்டாம். அவன் நிற்கும் பகுதியை மட்டும் கத்தரித்து ஒரு கடித உறையில் போட்டால் போதும். உங்கள் யாருடைய கையும் தோளும் அதில் வராதபடி பார்த்து வெட்டுங்கள்.

அல்லாஹ் உங்களுக்கும் மதினிக்கும் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும். உங்கள் வீட்டு வாசலில் ஒருநாளும் கஷ்டம் வந்து நிற்காமல் காக்கட்டும். பெருநாளைக்கு வருவீர்களென்றால் இந்த வீட்டிலேயே தங்கலாம், அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

பதில் சுருக்காகப் போடுங்கள்.

உங்கள் தங்கச்சி
ஹாஜறா