வண்டிக் கண்ணாடியும் என் வாயும்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுறேன். நாங்க இங்க நல்லா இருக்கோம், நீயும் அங்க நல்லா இருப்பேன்னு நம்புறோம்னு வழக்கம்போல ஆரம்பிக்கலாம்னுதான் பேனாவை எடுத்தேன், ஆனா அதுல முதல் பாதி போன மாசம் வரைக்கும் பொய், இப்போதான் உண்மை. அதனால பதறாம படி. அம்மாவுக்குக் கன்னத்துல, காதுக்குப் பக்கத்துல ஒரு புள்ளி இருந்துச்சு. கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க, தோல்ல வர்ற புற்றுநோய்னு வந்துச்சு. அதுல சாதுவான வகைதான், இடம் விட்டு இடம் தாவுறது ரொம்ப அபூர்வமாம். முழுசா வெட்டி எடுத்தாச்சு, ஓரமெல்லாம் சுத்தமா இருக்குன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. தையல் பிரிச்சாச்சு, அம்மா சாப்பிடுறா, தூங்குறா, என்னைத் திட்டவும் ஆரம்பிச்சுட்டா. உனக்குத் தெரிஞ்சா வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துடுவேன்னு அவதான் சொல்ல விடல. எல்லாம் முடிஞ்ச பிறகு நானே சொல்றேன்னு கெஞ்சிக் கேட்டு எழுதுறேன். போன்ல சொல்லியிருக்கலாமேன்னு கேப்பே. போன்ல பேசினா நடுவுல ஏதாவது ஜோக் அடிச்சு நழுவிடுவேன், என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா.

நீ போன வருஷம் வந்தப்போ அம்மாவுக்கு ஒரு சன்ஸ்கிரீன் வாங்கிக் குடுத்துட்டுப் போனியே, எல்லாம் அதுலருந்துதான் ஆரம்பம். நீ நிலம் அளக்கிற வேலையில நாள் பூரா வெட்டவெளியில நிக்கிறவ, உனக்கு அதோட அருமை தெரியும். அம்மாவும் நீ சொன்ன மாதிரியே காலையில பூசிக்கிட்டுதான் வண்டி எடுக்கப் போனா. அது நம்ம நிறத்துக்கு வெள்ளை வெள்ளையாத் திட்டு விழுந்து தெரிஞ்சுது. நான் விடுவேனா. நம்ம டிரைவிங் ஸ்கூல் வாசல்லயே நின்னு, கத்துக்க வந்தவங்க எதிர்லயே, என்ன பிரேக் அக்கா, மாவு மில்லுல பார்ட் டைம் சேர்ந்தாச்சான்னு கேட்டேன். பக்கத்து சீட்ல உக்காந்து சொல்லிக் குடுக்கிற அவ காலடியில தனியா ஒரு பிரேக் இருக்கிறதால கத்துக்க வர்றவங்க எல்லாரும் அவளை பிரேக் அக்கான்னுதான் கூப்பிடுறாங்க, அந்தப் பேரை வச்சதும் நான்தான். எல்லாரும் சிரிச்சாங்க, அவளும் சிரிச்சா. அதோட விட்டேனா, மறுநாள் வெள்ளையடிக்கிற ஆள் வந்துட்டுப் போயிட்டாரா, இன்னொரு கோட் பாக்கி இருக்கான்னு கேட்டேன். அன்னைக்கும் சிரிச்சா, ஆனா முகம் சுண்டிப்போச்சு. நான் அதைப் பாத்தேன் கண்ணு, பாத்துட்டும் அடுத்த நாளைக்கு வேற ஒண்ணு யோசிச்சு வச்சேன். நம்ம வாய்க்கொழுப்பு அப்படி. கொஞ்ச நாள்ல அவ பூசுறதை நிறுத்திட்டா. நீ போன்ல கேக்கும்போதெல்லாம் பூசுறேன் பூசுறேன்னு சொல்லுவா, நான் பக்கத்துலதான் பேப்பரை விரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். மத்த எல்லாத்துக்கும் திறக்கிற வாய் அதுக்கு மட்டும் திறக்கல.

இன்னொண்ணும் சொல்லணும். ஒரு நாள் மத்தியானம் வந்து, வண்டியில ஜன்னல் கண்ணாடிப் பக்கம் வெயில் சுள்ளுனு அடிக்குதுங்க, இந்த ஒரு கன்னம் மட்டும் கருத்துக்கிட்டே போகுதுன்னா. கண்ணாடியை ஏத்திதானே விட்டிருக்கே, ஏசி ஓடுதே, அப்புறம் எந்த வெயில் உள்ள வருது, நமக்கென்ன வெள்ளைக்காரத் தோலா உரிஞ்சு போறதுக்குன்னு பெரிய மேதாவி மாதிரி பேசினேன். வண்டியைப் பத்தி எனக்குத் தெரியாதது இல்லைங்கிற திமிர். அவ அந்த சீட்ல உக்கார்றதே என்னாலதான். நான் சொல்லிக் குடுத்தா கத்துறேன், பாதிப் பேர் அழுதுக்கிட்டே இறங்கிப் போனாங்கன்னுதான் என்னை ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில உக்கார வச்சுட்டு அவ வண்டியில ஏறினா. காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் அதே சீட், அதே பக்கம், அதே கன்னம். நிழல்ல உக்காந்துக்கிட்டு வெயில்ல போறவளைக் கிண்டல் பண்ணியிருக்கேன்.

புள்ளியைக் கண்டுபிடிச்சதாவது நானான்னா அதுவும் இல்ல. பேங்க்ல வேலை பாக்கிற ஒரு அம்மா ரிவர்ஸ் பழகிக்கிட்டு இருந்தாங்க. உன் அம்மா சொல்லிக் குடுக்கிறதுக்காகப் பின்னாடி திரும்பியிருக்கா, அப்போ கண்ணாடிப் பக்கத்துக் கன்னம் அவங்களுக்கு நேரா வந்திருக்கு. அதுல கசியிற புள்ளியையும் காலர்ல ரத்தக் கறையையும் பாத்துட்டு வண்டியை நிறுத்திட்டாங்க. டவல் உரசிடுச்சுன்னு அம்மா சமாளிச்சிருக்கா. அவங்க விடாமத் துருவிக் கேட்டுட்டு ஆபீசுக்கே வந்து, சார், இது ஆறி ஆறித் திரும்ப வருதாமே, எத்தனை நாளா இருக்குன்னு என்னைக் கேட்டாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தினமும் அவ எதிர்ல உக்காந்து சாப்பிடுறேன், எனக்குத் தெரியல. அதே கேள்வியை டாக்டரம்மாவும் கேட்டாங்க, நான் பதில் தெரியாத பையன் மாதிரி அம்மா முகத்தைப் பாத்தேன்.

டாக்டரம்மா பொறுமையானவங்க. கையில ஒரு சின்ன லைட்டை வச்சுக்கிட்டு ரெண்டு கன்னத்தையும் மாத்தி மாத்திக் காட்டினாங்க. கண்ணாடிப் பக்கம் சுருக்கமும் கருந்திட்டுமா, அந்தப் பக்கம் வழவழன்னு, ஒரே முகத்துல ரெண்டு வயசு. முன் கண்ணாடி ஓரளவு தடுத்துடுமாம், பக்கத்துக் கண்ணாடி அப்படி இல்ல, தோலுக்குள்ள ஆழமாப் போற கதிரை நிறைய உள்ள விட்டுடுமாம். ஏசி போட்டா சூடுதான் தெரியாது, கதிர் வந்துக்கிட்டேதான் இருக்கும். மேகமூட்டத்துலயும் அப்படித்தான். கருத்த தோலுக்குப் பிறப்புலயே கொஞ்சம் காப்பு உண்டு, ஆனா அது முழுக் காப்பு இல்ல, நமக்கு இந்தப் புள்ளி மச்சம் மாதிரி கருப்பாவே வர்றதால கண்டுக்காம விட்டுடுறோம்னு சொன்னாங்க. நான் பூச விடாமக் கிண்டல் பண்ணினதாலயான்னு கேட்டே விட்டேன். இது ஒரு வருஷத்துல வந்ததில்ல, வருஷக்கணக்கா சேர்ந்தது, மனசைப் போட்டு உழப்பிக்காதீங்கன்னாங்க. ஆறுதலாத்தான் சொன்னாங்க, எனக்கு ஆறல.

வெட்டி எடுத்த அன்னைக்கு அம்மா கட்டோட கட்டில்ல சாஞ்சிருந்தா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. தண்ணி வேணுமா, தலையணை வேணுமான்னு சுத்திச் சுத்தி வந்துட்டுக் கடைசியில, நான் சிரிச்சதாலதானே நிறுத்தினே, என்னை மன்னிச்சுடுன்னேன். அவ ரொம்ப சாதாரணமா சொன்னா. “கிண்டல் பண்ணினீங்க, அது பரவாயில்லைங்க, அதையாவது என் முகத்தைப் பாத்துதானே பண்ணினீங்க. நான் நிறுத்தின பிறகு, ஏன் பூசலன்னு ஒரு நாள் கூட நீங்க கேக்கலையே.” நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாமான்னு பழக்கதோஷத்துல ஒண்ணு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

இப்போ வெள்ளைத் திட்டு விழாத ஒண்ணை டாக்டரம்மா எழுதிக் குடுத்திருக்காங்க. வெளியில கிளம்புறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே, ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்து முகம் கழுத்து ரெண்டுக்கும் பூசணும், காது மடலையும் பின் கழுத்தையும் மறக்கக் கூடாது, வேர்த்தா மறுபடி, இல்லேன்னாலும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. பின் கழுத்துக்கு அவ கை சரியா எட்டல, அதை நான் பூசி விடுறேன். வண்டியில பக்கத்துக் கண்ணாடிக்கு நிறமே இல்லாத ஒரு ஃபிலிம் ஒட்டியாச்சு. பழகுறவங்களுக்கு அம்மா முழுக்கை சட்டையோடதான் வரணும்னு சட்டமே போட்டுட்டா. நீயும் வெயிலுக்குப் பழகிட்டேன்னு இறுமாப்பா இருக்காதே. அளவுக் கருவியைத் தூக்கிட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி அகல விளிம்புத் தொப்பி தலையில இருக்கான்னு பாரு, உச்சி வெயில் நேரத்துல முடிஞ்ச வரைக்கும் உள்ள இருந்து செய்யிற வேலையைப் பாரு. புதுசா ஒரு மச்சம் வந்தாலோ, இருக்கிறது நிறமோ உருவமோ மாறினாலோ, ஒரு புண்ணு ஆறாம இழுத்துக்கிட்டே இருந்தாலோ யார்கிட்டயாவது காட்டிட்டு மறுவேலை பாரு. உன் முதுகுல இருக்கிறது உனக்குத் தெரியாது, கூட இருக்கிற தோழியைப் பாக்கச் சொல்லு. யாராவது உன் முகத்தைப் பாத்துச் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்.

தையல் பிரிச்சுட்டுத் திரும்பும்போது நானே ஓட்டுறேன்னு அம்மா பிடிவாதம் பிடிச்சு ஏறிட்டா, அதனால அவ சீட்ல நான் உக்காந்தேன். வெயில் என் கன்னத்துல வந்து விழுந்துச்சு. அவ ஸ்டியரிங் பக்கம் உக்காந்ததால தழும்பு இருக்கிற கன்னம் வழி நெடுக எனக்கு நேரா இருந்துச்சு. சின்னத் தழும்புதான், காது ஓரமா இறங்குது, அதுக்குக் கீழ ஒரு மச்சம் இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்திருக்கும், எனக்கு இப்போதான் தெரியும். என்ன அப்படிப் பாக்குறீங்க, ரோட்டைப் பாருங்கன்னா. வீடு வர்ற வரைக்கும் நான் பார்வையை எடுக்கல.

உடம்பைப் பாத்துக்க. வேளாவேளைக்குச் சாப்பிடு. இந்தக் கடுதாசி கைக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் பண்ணு, அழாதே, அவளுக்கு அது பிடிக்காது. என்னைத் திட்டணும்னா தாராளமாத் திட்டு, அவ காதுல விழுற மாதிரியே திட்டு. நீ நோய் நொடி இல்லாம நீண்ட நாள் நல்லா இருக்கணும், உன்னைப் பாத்துப் பாத்துக் கவனிக்கிறவங்க உனக்கு எப்பவும் பக்கத்துல இருக்கணும்.

இப்படிக்கு,
வாயை அடக்கப் பழகிக்கிட்டு இருக்கிற
உன் அப்பா