பெரியப்பா கொண்டுவந்த பாரம்பரியம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. நீயும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியம் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் பேசினால் நடுவில் மாப்பிள்ளை வருகிறார், சம்பந்தியம்மா வருகிறார், சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் பெரியப்பா வந்தார். உன் அப்பா போன பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர், இரண்டு கையிலும் பழப் பையோடு வாசலில் நிற்கிறார். பழத்தைப் பார்த்ததுமே இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டுவிட்டது. உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு பாரம்பரியம் இருக்கும்மா என்று ஆரம்பித்தார். நம் வீட்டுப் பெண்கள் தனியாக இருந்ததே இல்லையாம், கண்டவனையும் பக்கத்தில் உட்கார வைத்து கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது நமக்கு அழகில்லையாம், நான் என் டிரைவிங் ஸ்கூலை மூடிவிட்டு அவர் வீட்டோடு வந்துவிட வேண்டுமாம், மாடி அறைக்கு வெள்ளைகூட அடித்தாகிவிட்டதாம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. லைசென்ஸ் டெஸ்டில் தோற்றுத் தோற்று, முகம் தொங்கிப்போய் வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து கியர் போடப் பழகியவர் இவர்தானே, அன்றைக்குப் பாரம்பரியம் லீவில் போயிருந்ததோ என்னவோ. இருந்தாலும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். காருக்குள்ளேயே காலம் தள்ளியவள், பின்னால் என்ன வருகிறது என்று பார்க்காமல் எனக்குத் திரும்பத் தெரியாது. அக்கா எப்படி இருக்காங்க என்று மட்டும் கேட்டேன். மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறாளாம், பார்த்துக்கொள்ள வைத்திருந்த நர்ஸ் இவரோடு சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாளாம். அவர் பெற்ற மகன்கள் இரண்டு பேரும் நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறார்கள், அவர்கள் பெயர் அந்தப் பாரம்பரியத்தில் எங்கேயும் வரவில்லை.

எனக்கு ஆற்றாமையாகப் போய்விட்டது. நீ அம்மை போட்டுக் கிடந்தபோது எனக்கு வகுப்பு இருக்கிறதே என்று உன்னை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டவள் உன் பெரியம்மா. அவளுக்கு ஒன்று என்றால் நான் போகமாட்டேனா? சமாளிக்க முடியலம்மா, கொஞ்சம் ஒத்தாசைக்கு வா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கையோடு கிளம்பியிருப்பேன். ஆனால் உதவி என்று கேட்டால் நான் முடியாது என்றும் சொல்லலாம் இல்லையா, பாரம்பரியம் என்று சொல்லிவிட்டால் முடியாது என்கிறவள் கெட்டவளாகிவிடுவாள், அதைத் தெரிந்துகொண்டுதான் பேசுகிறார். மறுநாள் நானாகவே போய் பெரியம்மாவுக்குத் தலை வாரிவிட்டேன். காலை வகுப்பு முடிந்ததும் தினமும் வருகிறேன், ஸ்கூலை மட்டும் மூடமாட்டேன் என்று அவளிடமே சொன்னேன். மூடினா நான் உன்கூடப் பேசமாட்டேன்டி, அந்த மனுஷன் கிடக்கிறார் என்றாள்.

இப்போது உன் விஷயம். பிள்ளை பிறக்கிறப்போ அம்மா கூட இருக்கிறதுதானேம்மா முறை, எல்லாத்தையும் மூடிட்டு இங்கேயே வந்துடு என்று அன்றைக்கு போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றவள் நீ, உன் வாயில் முறை என்ற வார்த்தை எப்படியடி வந்தது? பக்கத்தில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தாரா? மாப்பிள்ளை சொல்லச் சொன்னாரா? இல்லை, டாக்டர் ஏதாவது சொல்லி நீ என்னிடம் மறைக்கிறாயா? முறைக்காக என்றால் நான் வரமாட்டேன், உன் பெரியப்பாவுக்கு ஒரு நியாயம் உனக்கு ஒரு நியாயம் கிடையாது. பயமா இருக்கும்மா, நீ வேணும் என்று சொல். அன்றைக்கே பூட்டிவிட்டுக் கிளம்புகிறேன், எத்தனை மாதமானாலும் இருக்கிறேன்.

தாயும் பிள்ளையுமாக நல்லபடியாக இரண்டு உயிராகி நீண்ட காலம் நன்றாக இருங்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்காமல் விழுங்கு. பதிலை யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து எழுது. பாஸ்போர்ட்டை நேற்றே புதுப்பிக்கக் கொடுத்துவிட்டேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா