இரண்டாம் தடவை ஐந்தாம் வகுப்பு

உ
குன்றக்குடி முருகன் துணை

கீலக வருடம் வைகாசி 7
(20-5-1968)

மரியாதைக்குரிய சாலா டீச்சர் அவர்களுக்கு, அழகியின் தாயார் கருப்பம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் மாற்றலாகிப் போன முதுகுளத்தூர்ப் பக்கம் குடிதண்ணீருக்கு அலைச்சல் என்று கேள்விப்பட்டேன். எந்தத் தண்ணீரானாலும் காய்ச்சிக் குடியுங்கள்.

என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். காலண்டரையும் சாமி பாட்டுப் புத்தகத்தையும் பார்த்து நானாகப் பழகியது. பொறுத்துப் படியுங்கள்.

போன வருடம் சித்திரையில் பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டது நினைவிருக்கும். நம் ஊரில் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறுக்குப் புதுவயல் போக வேண்டும். லாரியும் ஆலை ஆட்களுமாக இருக்கிற ரோட்டில் பெண்பிள்ளையை விட முடியாது என்று என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வருடம் நம் பள்ளிக்கூடத்திலேயே ஆறாம் வகுப்பு வந்துவிடும் என்று அப்போது பேச்சிருந்தது. அதனால்தான், அதுவரை அழகியை ஐந்திலேயே வைத்திருங்கள், தேறவில்லை என்று எழுதிவிடுங்கள் என்று கேட்டேன். "மொத மார்க் வாங்குற பிள்ளையை ஃபெயிலாக்கச் சொல்றீகளே, நீங்க பெத்த தாயா?" என்று ஏசினீர்கள். ஏசிவிட்டு, இரண்டு நாள் கழித்து எழுதியும் கொடுத்தீர்கள்.

ஆறாம் வகுப்பு வரவில்லை டீச்சர். மாசி மாதம் ஆபீசர்கள் ஜீப்பில் வந்து பிள்ளைகளை எண்ணினார்கள். எண்ணிக்கை போதாது என்று போய்விட்டார்கள்.

அழகி சின்னப் பிள்ளைகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து அதே பாடத்தை மறுபடியும் படித்தாள். உங்களுக்குப் பின் மாயக்கண்ணன் வாத்தியார் ஒருவர்தான் ஐந்து வகுப்புக்கும். அவர் யூனியன் ஆபீசுக்குப் போகிற நாளெல்லாம் இவள்தான் கரும்பலகையில் இந்தியப் படம் போட்டு ஆறுகளைக் காட்டினாளாம். தசமப் புள்ளி வைத்த கணக்கை எனக்கும் சொல்லிக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் எனக்கு லிட்டர், கிராம் எல்லாம் பிடிபட்டது.

தை மாதம் புது ரக நெல்லுக்குப் பூச்சி மருந்து தெளிக்க வேண்டியிருந்தது. எத்தனை லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி என்று ஆண்பிள்ளைகள் குழம்பி நிற்க, இவள் மருந்தோடு வந்த நோட்டீசை வாங்கிப் படித்து வரப்பிலேயே குச்சியால் கணக்குப் போட்டுச் சொன்னாள். என் வீட்டுக்காரரும் அங்கேதான் நின்றார். இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது, "இந்தத் தடவை நல்லாத் தேறினான்னா, காரைக்குடி ஆஸ்டல்ல விட அண்ணங்கிட்டப் பேசிப் பாக்குறேன்" என்றார். அதை நான் அழகியிடம் சொல்லவில்லை. ஆண்பிள்ளை வார்த்தை மாறினால் பிள்ளை தாங்க மாட்டாளே என்று வாயை மூடிக்கொண்டேன். மகளுக்கு வரன் வேண்டி நடக்கிறவளைப் போல மூன்று மாதமும் கார்த்திகை நாளில் குன்றக்குடிக்கு நடந்தேன்.

முழுப்பரீட்சை முடிந்து வாத்தியார் எங்கள் இருவரையும் வரச் சொன்னார். அழகி ஒரு பாடத்திலும் தேறவில்லை. தாள்களை எடுத்துக் காட்டினார். நான் தினமும் வீட்டுக் கணக்கு எழுதிக் கூட்டிப் பார்க்கிறவள். தெரியாமல் விழுகிற தப்பு கண்ட இடத்தில் விழும். இவளுடைய கணக்குகள் அத்தனையும் கடைசி வரி வரைக்கும் சரி, கடைசி வரி மட்டும் தப்பு. இந்தியப் படத்தில் ஒரு ஆறுகூட இடம் விலகவில்லை, பேர்கள் மட்டும் மாறிக் கிடந்தன. கங்கையைக் கொண்டுவந்து தஞ்சாவூரில் விட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "போன வருசம் ஃபெயிலானதுக்குத்தானே ஆத்தா இன்னொரு வருசம் விட்டாக. இந்த வருசமும் ஆனா இன்னும் ஒரு வருசம் விடுவாகல்ல" என்றாள். தானாகக் கண்டுபிடித்த வழி என்று அவளுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

வாத்தியார், வயது பன்னிரண்டு ஆகிவிட்டது, மூன்றாம் வருடம் உட்கார வைக்க முடியாது என்றார். பிள்ளை வேண்டுமென்றே தப்பாக எழுதியிருக்கிறாள் என்று நான் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்ப போன வருசமும் வேணும்னேதான் எழுதுனாளாக்கும்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் இருந்தது ஒரே பதில். அதைச் சொன்னால் அவருடைய அண்ணன் மறுநாளே உங்கள் மேல் மனு எழுதிப் போடுவார். மனு எழுதுவதே அவருக்குத் தொழில். நான் தலையைக் குனிந்துகொண்டேன். போன திங்கட்கிழமை வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் போய்ப் பேரை எடுத்துவிட்டு வந்துவிட்டார்.

இதைப் படித்துவிட்டு, உள்ளதைச் சொல்லி என் வீட்டுக்காரருக்கு எழுதலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எழுத வேண்டாம். உங்கள் உத்தியோகத்தை நம்பித் தாயாரும் தம்பிமாரும் இருக்கிறார்கள். அப்படி ஒரு கடிதம் வந்து என் கையில் கிடைத்தால் அடுப்பில்தான் போடுவேன். இது முருகன் மேல் சத்தியம்.

இன்னொன்றும் உங்களிடம் மறைக்கக் கூடாது. போன வருடம் எந்தப் பாடத்தில் போயிற்று என்று அழகி அழுதபோது, பின்னக் கணக்கு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். வருடம் பூராவும் பின்னக் கணக்காகவே போட்டாள். இப்போது பள்ளிக்கூடம் இல்லை, பரீட்சை இல்லை. இன்று காலையிலும் வாசல் தெளித்துவிட்டு ஒரு நோட்டைக் கொண்டுவந்து நீட்டி, "இப்பவாச்சும் சரியா வருதா, பாரு ஆத்தா" என்றாள். சரியாக வருகிறது என்றேன். முன்னாலும் சரியாகத்தான் வந்தது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இனி எழும் என்றும் தோன்றவில்லை.

அவள் முதல் மார்க் வாங்கினவள் என்பது உலகத்தில் உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். எனக்குப் பிறகும் நீங்கள் அதை மறக்காமல் இருக்க வேண்டும். நீங்கள் நல்ல சுகத்தோடு, எந்தக் கெட்ட பேரும் வராமல், உத்தியோகத்தில் நிலைத்திருக்க முருகன் துணை இருப்பான்.

இப்படிக்கு,
உங்களுக்குக் கடமைப்பட்ட
கருப்பம்மாள்