பெயர் போடாத பெட்டிசம்

ஜூன் 11, செவ்வாய்.

ஆங்கிலப் பாடத்தில் தமிழ் பேசுகிறார் என்று பாத்திமா டீச்சரைப் பற்றிப் புகார் சொல்லிப் பெட்டிசம் எழுதியது நான்தான். அகராதி பார்த்துத் நானாகப் படித்த ஆங்கிலத்தில், பெயர் போடாமல் கல்விப் பணிமனைக்கு அனுப்பினேன். டீச்சரை மாற்றிவிட்டார்கள். வேறு யாரும் வரவில்லை.

இன்று பள்ளிக்கூட அதிபரிடம் போய்ச் சத்தம் போட்டேன். "எங்கட புள்ளைகளுக்கு இங்கிலீஷ் வேணாமா?"

"இருந்த டீச்சர ஆரோ பெட்டிசம் போட்டுத் துரத்திட்டாங்களே, ஹாஜியார். அவ தமிழ்ல விளங்கப்படுத்தித்தான் புள்ளைகள் இங்கிலீஷ்ல வாய் திறந்திச்சுகள். அவவத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் எழுதித் தாங்களேன். உங்கட இங்கிலீஷ் நல்லம்."

ஓம், எழுதுறன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுதினால் பெட்டிசத்தில் உள்ள அதே கையெழுத்து பணிமனையில் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். எழுதாவிட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாளையும் அந்தப் பாடத்தில் சும்மா இருப்பார்கள். ஆங்கிலத்தில் 'மதிப்புக்குரிய ஐயா' என்பதற்கு மேல் பேனா போகவில்லை.